கனவில் வந்த கணக்கல்ல

கணித மேதை ராமானுஜனின் பிறந்த நாளான டிசம்பர் 22 நெருங்கினால் பள்ளி மேடைகளில் ஒரே கதைதான் ஒலிக்கிறது. ராமானுஜனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் தந்தாள், அவர் எழுந்து எழுதினார். மேதைமை பிறவியிலேயே வருவது. அவரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து, அவருடைய உழைப்பையே இந்தக் கதை பறித்துக்கொள்கிறது.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது பாதி உண்மை. புத்தகங்கள் சொல்லிக்கொடுத்தன. கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோதே லோனியின் திரிகோணமிதியைக் கரைத்துக் குடித்தவர், 1903 வாக்கில் கார் தொகுத்த கணிதப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பலவற்றுக்கு நிரூபணமே கிடையாது. அவற்றைத் தானே நிறுவிப் பார்த்தார். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாது. சிலேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். முடிவு மட்டும் நோட்டில் ஏறும். வந்த வழி சிலேட்டோடு அழிந்ததால்தான் விடைகள் வானத்திலிருந்து விழுந்தவை போலத் தெரிகின்றன.

தாயாரிடம் அவருக்கிருந்த பக்தி உண்மையானது, அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அந்தப் பக்தி கணக்குப் போடும் வேலையை மிச்சப்படுத்தவில்லை. 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் தவறுகளும் இருந்தன. ஹார்டி அழைத்து அவர் கேம்பிரிட்ஜ் போன பிறகு நடந்ததைப் பாருங்கள். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம். இப்படி 200 வரையுள்ள எண்களுக்கு மக்மஹோன் என்ற கணித அறிஞர் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டிருந்தார். 200-க்கு வருவது பதின்மூன்று இலக்க எண். அந்த அட்டவணையை ராமானுஜன் உற்றுப் பார்த்தார். 4, 9, 14, 19, 24 ஆகியவற்றுக்கு நேரே 5, 30, 135, 490, 1575. எல்லாம் ஐந்தால் வகுபடுகின்றன! பார்த்ததோடு நிற்காமல், இது முடிவின்றித் தொடரும் என்று நிரூபித்து 1919-இல் வெளியிட்டார். ஹார்டியின் கண்ணிலும் பட்ட அட்டவணைதான் அது. தான் வந்த டாக்ஸியின் எண் 1729 என்று ஹார்டி சொன்னதும், இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று அவர் சொன்ன பதிலும் திடீரென உதித்ததல்ல, அதற்கான கணக்கு அவருடைய நோட்டில் முன்பே இருந்தது.

திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடும் என்பார்கள். இதுதான் எனக்கு ஆறவே ஆறாதது. மற்ற பாடங்களில் தவறியதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போனது. பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தேறவில்லை. பிறகு வேலை தேடி அலைச்சல். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது, அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் துணை நின்றார். இத்தனை பேர் கைகொடுத்தும் தாமதம்தான். ஐரோப்பாவில் எப்போதோ கண்டுபிடித்து முடித்தவற்றையெல்லாம் அந்த ஆண்டுகளில் அவர் தனியாக உட்கார்ந்து மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். நல்ல நூலகமும் கவலையில்லாத சாப்பாடும் பதினெட்டு வயதிலேயே கிடைத்திருந்தால் அந்தக் காலமெல்லாம் புதிய கணக்குக்குப் போயிருக்கும். 1920 ஏப்ரலில் சென்னை சேத்துப்பட்டில் இறந்தபோது அவருக்கு வயது 32.