பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

வெண்ணந்தூர்ப் பக்கம், தறியில் உட்கார்ந்து உட்கார்ந்தே முழங்கால் தேய்ந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: ‘‘முடக்கத்தான் பொடிங்க. ரெண்டே நாள்ல வலி பறந்து போச்சுங்க!’’

அந்த ‘ரெண்டே நாள்’தான் எனக்கு இடித்தது.

முடக்கத்தான் வேலியோரம் சும்மா கிடைக்கிற கொடி. மாவோடு அரைத்துத் தோசை சுடுகிறோம். எந்தக் கீரையாவது ரெண்டு நாளில் வித்தை காட்டுமா? மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப்போகும். சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து!

பச்சிலையே பொய் என்று சொல்லவில்லை, சார். ஆப்பிரிக்காவின் கலஹாரியில் சான் பழங்குடிகள் வலிக்குத் தோண்டியெடுத்த ‘சாத்தான் நகம்’ கிழங்கு, இன்று ஜெர்மனியில் மாத்திரை. எத்தனை மில்லிகிராம் என்று அட்டையிலேயே இருக்கும். நம்மூர்ச் சட்டமும் சித்த மருந்து லேபிளில் உரிம எண், சேர்மானம் எல்லாம் கேட்கிறது. கேட்காதது நாம்தான்.

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த பாடம் இது: லேபிள் இல்லாத சரக்குக்கு யாரும் பொறுப்பில்லை. ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தால், பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

பாவம் முடக்கத்தான். பெயர் அதனுடையது, உள்ளே இருப்பவன் வேறு!