எலிக்கூண்டோடு நின்றுவிடும் ஆராய்ச்சி

மருந்துக் கடைகளில் விற்கப்படும் பல இருமல் மருந்துகளில் இருக்கும் வேதிப்பொருள் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். அமெரிக்காவில் 1958-இல் அனுமதி பெற்ற இந்தப் பழைய மருந்தை, 1980-களில் அந்நாட்டு ஆய்வாளர்கள் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். மின்னதிர்ச்சியால் தூண்டப்படும் வலிப்பை அது தடுத்தது. கேராமிஃபென், கார்பெட்டாபென்டேன் ஆகிய வேறு இருமல் மருந்துகளும் எலிகளிடம் அதே பண்பைக் காட்டின.

விலங்குச் சோதனையிலிருந்து வலிப்பு மருந்து பிறப்பது புதிதன்று. இன்றும் பயன்படும் ஃபெனிட்டாயின், 1930-களில் பூனைகளிடம் சோதிக்கப்பட்டு, 1938-இல் நோயாளிகளை எட்டியது. ஆனால், இருமல் மருந்துகள் ஏறத்தாழ 40 ஆண்டுகளாகியும் வலிப்பு மருந்துகளாகவில்லை. ஏன்?

முதல் காரணம் அறிவியல் சார்ந்தது. பெரும்பாலானோரின் உடல் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனை விரைவாகச் சிதைத்துவிடுகிறது. சிதைக்கும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. அளவைக் கூட்டினால் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் ஏற்படக்கூடும். வலிப்பு நோயாளிகளிடம் சிறிய அளவில் நடந்த ஆய்வுகள் அதன் பயனை ஐயமற நிறுவவில்லை. எனவே, வலிப்புக்கு இருமல் மருந்து அருந்தலாம் என எவரும் கருதிவிடக் கூடாது.

இரண்டாவது காரணம் பொருளாதாரம் சார்ந்தது. ஐயத்தைத் தீர்க்கப் பெரிய அளவிலான மனித ஆய்வு தேவை; அதற்குப் பெருஞ்செலவாகும். காப்புரிமை காலாவதியான மருந்தை எவரும் தயாரிக்கலாம் என்பதால், செலவு செய்தவருக்கு மட்டுமன்றி, செய்யாத போட்டியாளருக்கும் ஆதாயம் போய்ச் சேரும். அத்தகைய முதலீட்டைச் சந்தை செய்யாது.

தனியுரிமைக்கு வழி கிடைத்தால் நிலைமை மாறுகிறது. சிதைவைத் தாமதப்படுத்தும் குயினிடினுடன் சேர்க்கப்பட்ட இதே டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், கட்டுக்கடங்காத அழுகை, சிரிப்பு ஆகியவற்றுக்கான மருந்தாக 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புப்ரோபியானுடன் சேர்ந்து 2022-இல் மனச்சோர்வு மருந்தானது. இதய வால்வு பாதிப்பால் 1997-இல் திரும்பப் பெறப்பட்ட ஃபென்ஃபுளூராமின், 2020-இல் டிராவெட் என்னும் அரிய வகை வலிப்பு நோய்க்கு அனுமதிக்கப்பட்டது. அரிய நோய் மருந்துகளுக்கு ஏழாண்டு விற்பனைத் தனியுரிமை தரும் அமெரிக்காவின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய முயற்சிகளுக்கு ஊக்கமளிக்கிறது.

வலிப்பு நோய் கொண்டோர் உலகில் சுமார் 5 கோடிப் பேர். அவர்களில் 80 சதவீதத்தினர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்பவர்கள். இருக்கும் மருந்துகள் அனைத்தும் சேர்ந்தும், நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வலிப்பு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை.

1975 முதல் அமெரிக்க அரசு, பொதுப் பணத்தில் ஆயிரக்கணக்கான சேர்மங்களை விலங்குகளிடம் சோதித்து வருகிறது. பாராட்டத்தக்க இப்பணியின் அடுத்த படி, காப்புரிமை இல்லாத மருந்துகளின் மனித ஆய்வுகளுக்கும் அரசுகள் கூட்டாக நிதியளிப்பதாகும். முடிவு தோல்வியே ஆயினும் அது வெளியிடப்பட வேண்டும்; பயன்படாது என்று உறுதியாக அறிவதும் அறிவே.

விலங்குகளை வதைத்துப் பெற்ற தடயத்தை, லாபமில்லை என்பதற்காகப் பாதியில் கைவிடுவது அவ்வுயிர்களுக்கும் நோயாளிகளுக்கும் இழைக்கும் இரட்டை அநீதி.