இருபது வருஷம் காத்திருந்த பாட்டு

விருத்தாசலத்துக்காரர்களுக்குக் களிமண்ணின் மதிப்பு தெரியும். சூளையில் சுட்டு எடுத்த பீங்கான் கீழே விழுந்து உடைந்தாலும், அதன் சில்லு மண்ணில் கிடக்கும். நூறு வருஷம் கழித்துத் தோண்டினாலும் கிடைக்கும். பாட்டு அப்படி அல்ல. பாடி முடித்ததும் காற்றோடு போய்விடும். யாராவது பிடித்து வைத்தால்தான் உண்டு.

வங்காளத்தில் நடந்ததைப் பாருங்கள்.

1975-ம் ஆண்டு கல்கத்தாவில் கௌதம் சட்டோபாத்யாயா என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு பாட்டுக் கோஷ்டி அமைத்தார்கள். மொத்தம் 7 பேர். கோஷ்டியின் பெயர் 'மொகீனேர் கோராகுலி'. 'மொகீனின் குதிரைகள்' என்று அர்த்தம். ஜீவனானந்த தாஸ் என்ற கவிஞரின் கவிதையில் இருந்து எடுத்த பெயர்.

சினிமாக் காதல் பாட்டு கொடி கட்டிப் பறந்த காலம் அது. இவர்களோ நகரத்து வாழ்க்கையைப் பாடினார்கள். கிதார், சாக்ஸபோன், வயலின் எல்லாம் உண்டு. ஊர் ஊராகத் திரியும் 'பாவுல்' பாடகர்களின் மெட்டும் அதோடு கலந்து வந்தது. அதே 1977-ல் லண்டன் வாலிபர்கள் 'பங்க்' என்ற முரட்டுப் பாட்டைப் பாடி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். கல்கத்தா வாலிபர்களின் முதல் இசைத்தட்டு வந்ததும் அந்த வருஷம்தான். ஆனால், இவர்களைத் திரும்பிப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேரே.

1978-ல் ஒன்று, 1979-ல் ஒன்று. ஆக மூன்றே இசைத்தட்டு! 1981-ல் கோஷ்டி கலைந்தது.

1995-ல் கௌதம் ஒரு தொகுப்பு வெளியிட்டார். 'மீண்டும் இருபது வருஷம் கழித்து' என்று அதற்குப் பெயர். பழைய பாட்டை மட்டும் தூசி தட்டி அவர் விற்கவில்லை. புதிய இளைஞர்களையும் கூப்பிட்டுப் பாட வைத்தார். அதுதான் சரியான வழி. வெளிநாடுகளில் பழைய கோஷ்டிகளின் பாட்டை அழகான பெட்டியில் போட்டு, நல்ல விலைக்கு விற்கிறார்கள். அது அலமாரிக்கு அழகு. கௌதம் செய்தது வாய்க்கு வாய் பரவியது. அந்தத் தொகுப்பில் இருந்த ஒரு மெட்டு, 2006-ல் 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தில் ஒலித்தது.

அதைக் கேட்க கௌதம் இல்லை. 1999-லேயே காலமாகிவிட்டார். தொகுப்பை இன்னும் ஐந்து வருஷம் தள்ளிப் போட்டிருந்தால்?

"யாரும் கேட்காத பாட்டைச் சேர்த்து வைப்பானேன்?" என்று சிலர் கேட்கலாம். கேட்கவில்லை என்பதற்காகப் பாட்டு மட்டம் என்று ஆகிவிடாது. அந்த ஊர், அந்த நாள் அதைக் கேட்கத் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

மாசி மகத்துக்குக் கூட்டம் கூடும் ஊர் விருத்தாசலம். சுற்று வட்டாரத்தில் தெருக்கூத்து உண்டு, மெல்லிசைக் கச்சேரி உண்டு. இன்று ஆளுக்கு ஒரு செல்போன் இருக்கிறது. படம் பிடிக்கிறார்கள், போன் கெட்டதும் எல்லாம் போய்விடுகிறது. பாடியவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி, ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுத்து வைக்க என்ன செலவாகும்? பாடியவர் உயிரோடு இருக்கும்போதே செய்தால், தவறாக எழுதிய பெயரை அவரே திருத்திக் கொடுப்பார்.