வைஃபையைப் பூட்டிக் கொடுங்கள்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர் ஜன்னல் ஓரம் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே இழுக்கிறார். டிவிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெட்டியை மாட்டுகிறார். பச்சை விளக்கு எரிந்ததும், "பாஸ்வேர்டு என்ன சார் வைக்கட்டும்?" என்று கேட்கிறார். வீட்டுக்காரர் யோசிப்பதற்குள், "உங்க போன் நம்பரையே வச்சுடறேன், மறக்காது" என்று வேலையை முடித்துவிடுகிறார். அன்றைக்கு அவர் இன்னும் நான்கு வீடு பார்க்க வேண்டும். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. பூட்டும் முறையைச் சொல்லிக் கொடுக்காமல், அதற்கு நேரமும் ஒதுக்காமல் அவரை அனுப்பி வைத்த நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும்.

போன் நம்பரைக் கடவுச்சொல்லாக வைப்பது எவ்வளவு பலவீனம் என்று பாருங்கள். நம் நாட்டுச் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆகவே மொத்த வாய்ப்பே 400 கோடிதான். ஒரு போன் வைஃபையோடு இணைகிற நொடியில் காற்றில் போய்வரும் தகவலைத் தெருவில் நின்று ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டபிள்யூபிஏ2 முறையில், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய ஒரு கணினி அந்த 400 கோடி எண்களையும் சில மணி நேரத்தில் போட்டுப் பார்த்துவிடும். அவர் மறுபடி உங்கள் தெருவுக்கு வர வேண்டியதுகூட இல்லை.

உள்ளே வந்து என்ன செய்துவிடுவான், கொஞ்சம் டேட்டா போகும், போகட்டும் என்று நினைக்கிறவர்கள் 2008ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஜூலை 26 அன்று அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்பில் 56 பேர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சலைத் தேடிப் போன போலீஸார், நவி மும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றார்கள். அவருடைய வைஃபைக்குப் பூட்டில்லை. யாரோ அதில் நுழைந்து கடிதத்தை அனுப்பியிருந்தார்கள். அவர் வீட்டுக் கணினிகளைப் பயங்கரவாதத் தடுப்புப் படை எடுத்துச் சென்றது. தனக்குச் சம்பந்தமில்லாத கொடுமைக்கு அந்த மனிதர் நாள்கணக்கில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை இதேபோல் பயன்பட்டது. 2009 ஜனவரியில் மும்பை போலீஸார் பூட்டாத வைஃபையைத் தேடித் தெருத்தெருவாக நடந்தார்கள். அடுத்த மாதமே தொலைத்தொடர்புத் துறை, வைஃபை வழியாக இணையம் தருவது பற்றி சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. இத்தனைக்குப் பிறகும் வீட்டு வாசலில் நடப்பது நாம் மேலே சொன்னதுதான்.

இந்தத் தொல்லையே வேண்டாம், வைஃபையை அணைத்துவிட்டு ஒயரில் மட்டும் இணையம் பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒயரில் போகிற தகவலை மாடிப்படியில் நின்று யாரும் பிடிக்க முடியாது. இடம்விட்டு நகராத டிவி, மேஜைக் கணினி, சிசிடிவி ரெக்கார்டர் மூன்றுக்கும் லேன் கேபிள்தான் சரி; வேகமும் நிலையாக இருக்கும். வீடு கட்டுகிறவர்கள் சுவரில் மின்சாரக் குழாய் பதிக்கும்போதே அறைக்கு ஒரு தனிக் குழாய் இதற்காகப் போடச் சொல்வது நல்லது. பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைக்க யாருக்கும் மனசு வராது.

மீதிப் பாதி ஒயரால் தீராது. 2016இல் உலகைக் கலங்கடித்த மிராய் என்ற கெடுநிரல் யாருடைய வைஃபைக்குள்ளும் நுழையவில்லை. தொழிற்சாலையிலேயே வைத்துவிட்ட அறுபத்துச் சொச்சம் பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகளை இணையம் வழியாகவே கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் போட்டுப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அக்டோபர் 21 அன்று அந்தப் படை ஒரே நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு எட்டாமல் போயின. அடுத்த மாதம் அதன் வழிவந்த இன்னொன்று, நிறுவனங்கள் தூரத்திலிருந்து ரவுட்டரைப் பராமரிக்க வைத்திருக்கும் வாசலைத் தட்டியது. ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு முடங்கியது. ஒயரில் இணைத்திருந்தவர்களும் அதில் தப்பவில்லை.

அதனால்தான் இந்தப் பொறுப்பை வீட்டுக்காரர் தலையில் கட்டுவதை ஏற்க முடியாது என்கிறோம். வைஃபை கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் உள்ளே போய் அமைப்பை மாற்றும் அட்மின் கடவுச்சொல் வேறு என்பதே பல வீடுகளில் தெரியாது. தெரிந்தவர்கள் கேட்டாலும் நிறுவனம் அதைத் தருவதில்லை. சாவியைத் தராமல் கதவைப் பூட்டு என்றால் எப்படிப் பூட்டுவது?

எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்கக் கூடாது என்று பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி தடுத்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2020 ஜனவரியிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. இங்கே விதி இணைப்புக் கொடுக்கும் அந்த அரைமணி நேரத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியான, நீளமான கடவுச்சொல் இருக்க வேண்டும். அட்மின் கடவுச்சொல்லை அன்றே மாற்றி, எழுதி, வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். பொத்தானிலும் எட்டு இலக்க எண்ணிலும் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிட்டுத்தான் தொழிலாளி கிளம்ப வேண்டும். அந்த எட்டு இலக்கத்தை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் திறந்துவிடும் என்பது 2011இலேயே வெளியானது. இதையெல்லாம் செய்ததற்கு இணைப்பு ரசீதில் இருவர் கையெழுத்தும் வேண்டும். தொழிலாளிக்கு அந்தக் கூடுதல் நேரத்துக்கான கூலியையும் நிறுவனமே தர வேண்டும்.

பழைய பெட்டிகளின் நிலை இதைவிட மோசம். தயாரித்தவர் அப்டேட் கொடுப்பதை நிறுத்திய பிறகும் அவை வருடக்கணக்கில் அதே மூலையில் எரிந்துகொண்டிருக்கின்றன. எந்த வீட்டில் எந்த மாடல் இருக்கிறது என்பது நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. வாடிக்கையாளர் புகார் கொடுக்கட்டும் என்று காத்திராமல், அந்தப் பட்டியலை எடுத்து, அப்டேட் நின்றுபோன பெட்டிகளை நிறுவனங்கள் தங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும்.