பிரியாணிக் கடை என்ன விலை?

போன ஞாயிற்றுக்கிழமை. பேப்பரில் ராசிபலன் வரைக்கும் வந்திருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். பக்கத்துத் தெரு பூட்டுப் பட்டறைக்காரர். கூடவே ப்ளஸ் டூ முடித்த அவர் மகன். பையன் கையில் கல்யாணப் பத்திரிகை கனத்தில், வழவழவென்று ஒரு புத்தகம்.

''யாருக்குண்ணே கல்யாணம்?'' என்றேன்.

''கல்யாணம் இல்ல தம்பி, காலேஜு! நீங்கதான் பி.காம். படிச்சவரு, பத்திரிகையில வேற எழுதுறீங்க. இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லணும்.''

பார்த்தேன். ஏதோ வெளியூர்க் கல்லூரி. அட்டையில் கோட்டு சூட்டு போட்ட நாலு பேர் ஒரு லேப்டாப்பைப் பார்த்து, அதில் கவுண்டமணி காமெடி ஓடுகிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே, 'பி.பி.ஏ. இன்வெஸ்ட்மென்ட் பேங்க்கிங்'. மூன்று வருஷத்துக்கு ஒன்பது லட்சம். ஹாஸ்டல் தனி.

''பேங்க்குன்னு போட்ருக்கே... கவுன்ட்டர்ல உக்கார்ற வேலதானே தம்பி? லீவெல்லாம் கரெக்டா குடுத்துருவாங்கள்ல?''

''அப்பா!'' என்று பல்லைக் கடித்தான் பையன்.

''பணத்துக்கு என்னண்ணே ஏற்பாடு?''

''தாடிக்கொம்பு பக்கம் மூணு சென்ட் மனை கெடக்கு. நாளைக்கு அட்வான்ஸ் வாங்கிரலாம்னு...''

மனை என்றதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். ராசிபலன் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் இது என்ன வேலை என்று அவருக்குப் புரிய வைக்க வேண்டும். சுற்றி வளைக்காமல் நம்மூர்ப் பிரியாணியில் ஆரம்பித்தேன். 1957-ல் நாகசாமி நாயுடு என்பவர் திண்டுக்கல்லில் கடை போட்டார். 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்' என்று பெயர். எந்நேரமும் தலையில் தலைப்பா. நம்ம ஜனங்கள் போர்டைப் படிக்கவில்லை, தலைப்பாவைப் பார்த்தார்கள். கடை, 'தலப்பாக்கட்டி' ஆகிவிட்டது. அறுபது வருஷம் கழித்து, 2019 வாக்கில், சி.எக்ஸ். பார்ட்னர்ஸ் என்கிற முதலீட்டு நிறுவனம் வந்து அதில் பங்கு வாங்கியது.

''இப்ப யோசிங்கண்ணே. பிரியாணி என்ன விலைன்னா சர்வரே சொல்லிருவாரு. பிரியாணிக் கடை என்ன விலைன்னு யார் சொல்றது?''

பட்டறைக்காரர் மோவாயைத் தடவினார். ''எடத்து மதிப்பு, அண்டா குண்டா, பெஞ்சு நாற்காலி...''

அங்கேதான் விஷயம். அண்டாவைக் காயலான் கடைக்காரர்கூட எடை போடுவார். அந்தக் கடை அடுத்த பத்து வருஷம் எவ்வளவு சம்பாதிக்கும், அந்தப் பணத்துக்கு இன்றைக்கு எவ்வளவு தரலாம் என்று கணக்குப் போட்டு, விற்கிறவரையும் வாங்குகிறவரையும் உட்கார வைத்துப் பேசி முடிக்கிறவர்தான் இன்வெஸ்ட்மென்ட் பேங்க்கர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக்குத் தரகர் செய்வதை, இவர் கம்பெனிக்குச் செய்கிறார். துண்டுக்கு அடியில் விரல் பிடிக்காமல், எக்ஸெல்லில் செய்கிறார். அவ்வளவுதான். கம்பெனி பங்கு வெளியிடுவது, ஒரு கம்பெனி இன்னொன்றை விழுங்குவது எல்லாம் இவர் கைங்கரியம். நம் நாட்டில் 1967-ல் கிரிண்ட்லேஸ் பாங்க் ஆரம்பித்து வைத்த தொழில். 'மெர்ச்சன்ட் பேங்க்கிங்' என்றார்கள். செபி இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் லைசென்ஸ் தருகிறது.

சரி, இதற்கு எந்த டிகிரி?

ஐ.சி.ஐ.சி.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-லிருந்து 1996 வரை அதன் நிர்வாகத் தலைமை நாற்காலியில் இருந்தவர் நாராயணன் வாகுல். நம்ம தமிழ்நாட்டுக்காரர். சென்னை லயோலாவில் பி.காம். படித்துவிட்டு ஸ்டேட் பாங்கில் சேர்ந்தவர். 1993-ல் அமெரிக்க ஜே.பி. மார்கனோடு கூட்டு சேர்ந்து ஐ.சி.ஐ.சி.ஐ. ஒரு இன்வெஸ்ட்மென்ட் பாங்க் தொடங்கியது இவர் காலத்தில்தான். 1996-ல் நிர்வாகப் பொறுப்பு கே.வி.காமத் கைக்கு வந்தது. அவர் மெக்கானிக்கல் எஞ்சினியர்! அப்புறம் அகமதாபாத் ஐ.ஐ.எம். இரண்டு டிகிரிக்கும் ஒரே நாற்காலி. அட்டையில் 'இன்வெஸ்ட்மென்ட் பேங்க்கிங்' என்று அச்சடித்த பட்டம் இரண்டு பேரிடமும் கிடையாது.

''அப்ப நீங்களும் பி.காம்.தானேண்ணே... நீங்க ஏன் போகல?'' என்றான் பையன்.

பதினேழு வயசில் இப்படித்தான் கேட்பார்கள்.

சொல்லத்தான் வேண்டும். நான் பி.காம். சேர்ந்தது 2008 ஜூன். அன்றைக்கு பி.காம். என்றால், 'எஞ்சினியரிங் சீட் கெடைக்கலையா?' என்று துக்கம் விசாரிப்பார்கள். செப்டம்பர் 15-ம் தேதி, 158 வயசான லேமன் பிரதர்ஸ் அமெரிக்காவில் மஞ்சக் கடுதாசி கொடுத்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் இன்று வரை நம்புகிறேன்.

2011-ல் சென்னையில் ஒரு இன்டர்வியூ. பெயர் வேண்டாம். கண்ணாடிக் கட்டடம். முதல் வகுப்பு மார்க் ஷீட்டை லேமினேட் பண்ணி எடுத்துப் போயிருந்தேன். அவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி. ''ஒரு கம்பெனியில் தேய்மானம் பத்து ரூபாய் கூடுது. கையில இருக்கிற பணம் என்ன ஆகும்?''

தேய்மானம்! எனக்கு ஐந்து மார்க் கேள்வி, பத்து மார்க் கேள்வி இரண்டுமே மனப்பாடம். ''பத்து ரூபாய் குறையும் சார்'' என்றேன், கம்பீரமாக.

''தேங்க் யூ'' என்றார்கள்.

பஸ்ஸில் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் விடை வந்துவிட்டது. தேய்மானம் என்பது ஏட்டில் எழுதுகிற செலவு. லேத்து மிஷின் பழசாகிறது என்பதற்காக யாரும் பையில் கை விட்டுப் பணம் எடுத்துத் தருவதில்லை. ஆனால் ஏட்டில் லாபம் பத்து ரூபாய் குறைவதால் வரி குறையும். வரி 25 சதவீதம் என்றால் இரண்டரை ரூபாய் மிச்சம். ஆக, வரி போக லாபம் ஏழரை குறைகிறது, கையில் பணம் இரண்டரை கூடுகிறது. ஏழரை எனக்கு மட்டும்தான் கூடியது!

மூன்று வருஷம் படித்தும், ஒரு வரியை இழுத்தால் இன்னொரு வரி எங்கே அசைகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வழவழப் புத்தகத்தைப் பார்த்தால், ஒன்பது லட்சத்துக்கும் அதை யாரும் கேட்கப் போவதாகத் தெரியவில்லை. குளிர்சாதன வகுப்பறை என்று மட்டும் மூன்று இடத்தில் போட்டிருக்கிறது.

பையனிடம் சொன்னேன். தம்பி, பம்பாயில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் நாடு பூராவும் சல்லடை போட்டுத் தேடுவதில்லை. அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐ.ஐ.எம்., டெல்லியில் ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி மாதிரி நாலைந்து வாசல். அப்புறம் நல்ல ரேங்க் வாங்கிய சி.ஏ.க்கள். வாசலைப் பார், பட்டத்தின் பெயரைப் பார்க்காதே. ஐ.ஐ.எம்.முக்கு 'கேட்' பரீட்சை. அதற்கு எந்த டிகிரியும் செல்லும், ஐம்பது சதவீத மார்க் போதும். பரீட்சைதான் படுத்தும். ஃபீஸ் பயங்கரம், ஆனால் பெரிய ஐ.ஐ.எம்.களுக்கு பாங்குகள் ஈடு கேட்காமலே கடன் தருகின்றன. மனையைத் தொட வேண்டாம்.

என்னைக் கேட்டால், நம்ம மாதிரி வீட்டுக்கு உள்ளூரிலேயே பி.காம்., கூடவே சி.ஏ.தான் சரி. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். செலவு கொஞ்சம். ஆர்ட்டிக்கிள்ஷிப் மூன்று வருஷமாக இருந்தது, 2023-ல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். அதில் ஸ்டைபண்டும் உண்டு. டீ, பரோட்டாவுக்குக் காணும்! நிறையப் பேர் ஃபைனலில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் நிற்கிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை. மாமன் மகள் கல்யாணமே அதனால் தள்ளிப் போன குடும்பம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு வருஷம் அசல் கம்பெனியின் அசல் கணக்கைத் தொட்டுப் பார்ப்பாய். இது புதுசும் இல்லை. நத்தம், சிங்கம்புணரி வழியாகப் போனால் வருகிற செட்டிநாட்டில், பையனை முதலில் பெட்டியடியில் உட்கார வைப்பார்கள். அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள். ரங்கூன் வரைக்கும் லேவாதேவி நடத்தியது அந்தப் படிப்பில்தான்.

இன்னொன்றும் சொன்னேன். பெங்களூரில் ஒரு நண்பன் இருக்கிறான். கழுத்தில் பெரிய அமெரிக்க இன்வெஸ்ட்மென்ட் பாங்கின் அடையாள அட்டை, பதவி 'அனலிஸ்ட்'. ஊருக்கு வந்தால் தனி மரியாதை. வேலை என்னவென்றால், நியூயார்க்கில் பகலில் வாங்கி விற்றதை இவன் ராத்திரியில் இரண்டு பட்டியலை வைத்து டிக் அடிப்பது. கௌரவமான வேலைதான், சம்பளமும் சரியாக வருகிறது. ஆனால் கடைக்கு விலை சொல்கிற வேலை அதுவல்ல. பட்டத்தின் பெயர் மாதிரியே பாங்கின் பெயரும் ஏமாற்றும். எந்த வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

விலை சொல்கிற வேலைக்குப் போனாலும் லேசில்லை. 2021-ல் கோல்ட்மேன் சாக்ஸில் முதல் வருஷ அனலிஸ்டுகள் பதின்மூன்று பேர் தங்களுக்குள் கணக்கெடுத்து மேலிடத்துக்குக் கொடுத்தார்கள். வாரத்துக்கு 95 மணி நேரம் வேலை, ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் தூக்கம்.

''லீவு கரெக்டா குடுப்பாங்களான்னு கேட்டேன்'' என்றார் பட்டறைக்காரர், மெதுவாக.

பையன் முகம் வாடிவிட்டது. ''அண்ணே, எனக்கு இது ஒத்து வருமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?''

நல்ல கேள்வி. செபி வலைத்தளத்தில், பங்கு வெளியிடப் போகிற கம்பெனிகளின் ஆவணம் இலவசமாகவே கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கம், மொத்தமும் இங்கிலீஷ். ஒன்றையாவது தூங்காமல் படித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆனால் அன்றைக்கு அதைவிடக் கிட்டத்தில் ஒன்று இருந்தது.

''உங்கப்பா பட்டறை என்ன விலை? சொல்லு பாப்போம்.''

பையன் விழித்தான். வழவழப் புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையில் எழுத ஆரம்பித்தான். பேனா வழுக்கியது. மாசம் எத்தனை மாங்காய்ப் பூட்டு, இரும்பு என்ன விலை, கரண்ட் பில், இரண்டு ஆளுக்குக் கூலி, அலிகார் பூட்டு வந்த பிறகு குறைந்த ஆர்டர்... ஒவ்வொன்றாகக் கேட்டான். அவரும் ஏட்டைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. வருஷத்துக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் லாபம் நின்றது.

''பாத்தியா?'' என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் பட்டறைக்காரர்.

பையன் இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ''அப்பா... ரெண்டு ஆளு கூலி எழுதியாச்சு. காலையில ஆறு மணியிலேருந்து நீங்க ஒக்காந்து ராவுறீங்களே... உங்க சம்பளத்த எங்கயும் எழுதலையே?''

''எனக்கு எதுக்குடா சம்பளம்? நான் வீட்டு ஆளுதானே!''

''வேற யாராச்சும் பட்டறைய வாங்குனா, அந்த எடத்துக்கு ஒரு ஆளு வைக்கணும்ல? அவருக்குக் குடுக்கணும்ல?''

நான் வாயைத் திறக்கவில்லை. பையன், 'அப்பா சம்பளம், மாசம் 18,000' என்று எழுதினான். பெருக்கினான், கழித்தான். லாபம் இருந்த இடத்தில் ஆறாயிரம் கடன் நின்றது.

பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து மனைப் புரோக்கரின் கார்டை எடுத்தார், திரும்ப உள்ளே வைத்தார். அப்புறம் மகன் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

''பதினெட்டு எந்தூர் கணக்குடா? இருபதாப் போடு.''