ரெண்டு வருஷத்தில ஹண்டி பழசாகிவிடுமா?

ஜேர்மனியில் எங்கட வீடுகளில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற விசேஷம் ஒன்று இருக்கிறது. எந்தக் கலண்டரிலும் அது இல்லை. ஹண்டி கொன்ராக்ட் முடிகிற நாள்தான் அது. முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முந்தியே கடிதம் வரும், எஸ்எம்எஸ் வரும், சிலவேளை ஆளே எடுத்துக் கதைப்பார்: "இப்பவே நீடித்தால் புது மொடல் ஒரு யூரோ." காலைவரை ஒழுங்காக வேலை செய்த போன் அன்று பின்னேரமே பழசாகிவிடும். "அம்மா, இது சரியான ஸ்லோ", "கமரா வடிவா இல்லை" என்று பிள்ளை தொடங்கும். நாங்களும் கையில் இருப்பதைத் திருப்பிப் பார்ப்போம். மூலையில் ஒரு கீறல். போன வருஷம் விழுந்த கீறல்தான், இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது.

அந்தப் போன் உண்மையில் எப்போது பழசாகிறது? அதைத் தீர்மானிப்பது யார்? வருடத்துக்குப் பல நூறு யூரோ சம்பந்தப்பட்ட கேள்வி இது. ஊரில் இருக்கிற எங்கட அம்மா அப்பாவும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பற்றரி. ஒவ்வொரு முழுச் சார்ஜுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். 800 தடவை முழுதாக ஏறி இறங்கிய பிறகும் குறைந்தது 80 வீத கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியம் இப்போது புதுப் போன்களுக்கு வைத்திருக்கும் அளவு. நாளுக்கு ஒரு முழுச் சார்ஜ் என்று கணக்குப் பார்த்தால் 800 நாள், அதாவது இரண்டு வருடமும் இரண்டு மாதமும். கொன்ராக்ட் முடிகிற நேரமும் பற்றரி தளரத் தொடங்குகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால், எங்களுக்குப் போனே முடிந்துவிட்டது போலத் தெரிகிறது. ரயர் தேய்ந்தது என்று காரை விற்கிற ஆள் எங்களில் இல்லை. பற்றரி தேய்ந்தால் மட்டும் போனையே மாற்றுகிறோம். புதுப் பற்றரி போடுவதற்கு மொடலையும் கடையையும் பொறுத்து ஒரு நூறு யூரோவைச் சுற்றித்தான் வரும்.

"ஸ்லோ" என்று பிள்ளை சொல்வதும் முழுப் பொய் இல்லை. 2017 டிசெம்பரில் அப்பிள் நிறுவனம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. பற்றரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று நின்றுபோகாமல் இருக்க, மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்திருந்தது. பாவிப்பவர்களுக்கு அதை ஒழுங்காகச் சொல்லவில்லை. தங்கட போன் பழசாகிவிட்டது என்று நம்பி எத்தனையோ பேர் புதுசு வாங்கியிருப்பார்கள். பற்றரியை மாற்றினாலே போதும் என்பது அவர்களுக்குத் தெரியாது. 2018-இல் இத்தாலி அப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது, அதே நேரத்தில் சாம்சங்குக்கும் 50 இலட்சம் யூரோ. 2020-இல் பிரான்ஸ் அப்பிளுக்கு 2.5 கோடி யூரோ விதித்தது.

அடுத்தது கொன்ராக்ட். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போனோடு சேர்ந்த கொன்ராக்ட் மாதம் 45 யூரோ, அதே டேட்டா போன் இல்லாமல் 15 யூரோ என்று வைப்போம். வித்தியாசம் 30. அதை 24 மாதத்தால் பெருக்கினால் 720 யூரோ. அந்த "ஒரு யூரோ" போனின் விலை அதுதான். 2021 டிசெம்பர் 1 முதல் ஜேர்மனியில், முதல் தவணை முடிந்த கொன்ராக்டைத் தானாக இன்னொரு வருடத்துக்கு இழுக்க முடியாது. ஒரு மாத அறிவித்தலில் நாங்கள் வெளியேறலாம். நல்ல சட்டம். ஆனால் நாங்கள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால், போனுக்கான காசு கட்டி முடிந்த பிறகும் அதே 45 யூரோ போய்க்கொண்டிருக்கிற கொன்ராக்டுகள் இருக்கின்றன. "எப்படியும் காசு போகுது, அப்ப புதுப் போனை எடுப்பமே" என்ற நினைப்பு அங்கேதான் பிறக்கிறது. போனை வைத்துக்கொண்டு கொன்ராக்டை மட்டும் மாற்றினால் அந்த 30 யூரோ வீட்டில் நிற்கும். வருடத்துக்கு 360 யூரோ.

மூன்றாவது மனது. இதில் எங்கட ஆட்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்பதுகளில் வந்து ஹைமில் இருந்தவர்கள், ரெலிபோன் பெட்டிக்குள் மார்க் நாணயங்களை அடுக்கி வைத்துக்கொண்டு கதைத்தவர்கள். யாழ்ப்பாணத்துக்கு லைன் இல்லாத வருடங்களில், அங்கிருந்து ஒருவர் கொழும்புக்கு வந்து லொட்ஜில் காத்திருந்தால்தான் குரல் கேட்கலாம். அப்படி வந்தவருக்குக் கையில் நல்ல போன் ஒன்று இருப்பது, தானும் ஒரு நிலைக்கு வந்துவிட்டேன் என்பதற்குச் சாட்சி. அதனால்தான் சாமத்திய வீட்டு மேசையில் போனை நிமிர்த்தி வைக்காமல் கமரா தெரிகிற மாதிரிக் கவிழ்த்து வைக்கிறோம். "என்ன அண்ணை, இன்னும் இதையோ வச்சிருக்கிறியள்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வேறு மாதிரி. வகுப்பில் ஏற்கனவே பெயராலும் நிறத்தாலும் தனித்துத் தெரிகிற பிள்ளை, போனாலும் தனித்துத் தெரிய விரும்பாது. பெற்றோர் அதற்காகவே வாங்கிக் கொடுக்கிறார்கள். எனக்கும் அது விளங்குகிறது.

ஆனால் எங்கட போன் இங்கே முடிவதில்லை. அது ஊருக்குப் போகிறது. கோடை விடுமுறைப் பொதியில் சொக்லேட்டுக்கும் சம்பூவுக்கும் இடையில் துணியில் சுற்றிய இரண்டு மூன்று பழைய போன்கள் இல்லாத தமிழ்ப் பயணி குறைவு. அதில் அன்பு இருக்கிறது, தேவையும் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. ஊரில் சாதாரண சம்பளக்காரருக்குப் புது ஸ்மார்ட்போன் எட்டாத பொருளானது. இங்கே லாச்சிக்குள் கிடந்தது அங்கே ஒரு பிள்ளையின் படிப்புக்கும் ஒரு தாயின் வீடியோ அழைப்புக்கும் உதவியது.

பிரச்சினை, அது எந்த நிலையில் அங்கே போய்ச் சேருகிறது என்பதுதான். போனின் உடம்பு பத்து வருடம் கிடக்கும். ஆனால் மென்பொருள் அப்டேட் நின்றுவிட்டால், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. பிறகு செயலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். ஐபோன் 6 வந்தது 2014-இல். 2025-இல் வட்ஸ்அப் அந்த மொடலையும், 6 பிளஸையும், அதற்கு முந்திய 5எஸ்ஸையும் கைவிட்டது. கண்ணாடி உடையவில்லை, பொத்தான் வேலை செய்கிறது, ஆனால் மகனோடு கதைக்கிற வழி அடைபட்டுவிட்டது. எழுபது வயது அம்மாவுக்கு அது ஒரு இயங்குதளப் பிரச்சினை என்று விளங்குமா? தான் எங்கேயோ பிழையாக அமத்திவிட்டேன் என்றுதான் நினைப்பார்.

நானும் அப்படி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தவன்தான். ஆறு வருடம் பாவித்த போன். துடைத்து, புது உறை போட்டு, பெருமையோடு அம்மாவின் கையில் வைத்தேன். ஒன்றரை வருடத்தில் வங்கிச் செயலி அதில் திறக்க மறுத்தது. அம்மா பழையபடி பஸ் ஏறி வங்கியில் வரிசையில் நின்றார். எனக்கு அதைச் சொல்லவும் இல்லை. "நீ ஆசையாத் தந்தது, பிழை எண்டு எப்பிடிச் சொல்லுறது" என்றாராம் தங்கச்சியிடம். அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பழசாகத் தோன்றும்வரை வைத்திருந்துவிட்டு, முடியப்போகிற ஒரு பொருளைப் பரிசு என்று கொடுத்திருக்கிறேன்.

"அப்படியென்றால் இரண்டு வருடத்தில் மாற்றி, நல்ல நிலையிலேயே அனுப்பலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அனுப்பலாம், ஆனால் அதற்கு இங்கே 720 யூரோ கட்ட வேண்டும். இன்னொரு வழி இருக்கிறது. வாங்கும்போதே அந்தப் போனின் முழு ஆயுளையும் கணக்கில் எடுத்து வாங்குவது. இங்கே நாலு வருடம், ஊரில் மூன்று வருடம், மொத்தம் ஏழு. சில வருடங்களுக்கு முன் இது கனவு. இன்றைக்கு இல்லை.

2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சந்தைக்கு வருகிற ஸ்மார்ட்போன்களுக்குப் புது விதிகள் நடைமுறையில் உள்ளன. ஒரு மொடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 வருடம் இயங்குதள அப்டேட் கிடைக்க வேண்டும். முக்கியமான உதிரிப் பாகங்கள் 7 வருடம் கிடைக்க வேண்டும், கேட்டால் 5 முதல் 10 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பது போல ஒரு லேபிளும் போனுக்கு வந்திருக்கிறது. விழுந்தால் எவ்வளவு தாங்கும், திருத்துவது எவ்வளவு சுலபம், பற்றரி எத்தனை சுற்றுத் தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடையில் கமராவின் மெகாபிக்ஸலை மட்டும் கேட்கிற நாங்கள், இனி அந்த லேபிளையும் கேட்க வேண்டும்.

நிறுவனங்களும் அசையத் தொடங்கியிருக்கின்றன. 2023-இல் வந்த கூகுள் பிக்ஸல் 8-க்கும், 2024-இல் வந்த சாம்சங் எஸ்24-க்கும் 7 வருட அப்டேட் வாக்குறுதி உண்டு. அம்ஸ்ரடாமின் ஃபெயார்போன் நிறுவனம், 2015 கடைசியில் விற்கத் தொடங்கிய தன் இரண்டாவது மொடலுக்கு 2023 மார்ச் வரை அப்டேட் கொடுத்துக் காட்டியது. எங்கட ஹெஸன் மாநிலத்திலேயே ஷிஃப்ட் என்ற சிறு நிறுவனம், பாவிப்பவரே கழற்றித் திருத்தக்கூடிய போன்களைச் செய்கிறது.

"எல்லாரும் ஏழு வருடம் வைத்திருந்தால் போன் செய்கிற தொழிலாளியின் வேலை என்னாகும்?" என்றும் சிலர் கேட்பார்கள். எங்கட ஆட்கள் நிறைய வாழ்கிற றூர் பகுதியின் கதையைப் பாருங்கள். போஹுமில் இருந்த நொக்கியா தொழிற்சாலை 2008-இல் மூடப்பட்டது, சுமார் 2300 பேர் வேலை இழந்தார்கள். வேலை ருமேனியாவின் குளூஜ் நகருக்குப் போனது. 2011-இல் அதுவும் மூடப்பட்டது. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்த நொக்கியா தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள், அதிலும் நிறையப் பெண்கள், வேலை செய்தார்கள். வரி வழக்கும் நிறுவனம் கைமாறியதும் சேர்ந்து 2014 நவம்பரில் அதுவும் நின்றது. மூன்று ஊரிலும் மக்கள் போனை நீண்டகாலம் வைத்திருந்ததால் வேலை போகவில்லை. பொத்தான் போன் ஒரு சில வருடத்தில் "பழசு" ஆனபோது, அதைச் செய்தவர்களும் பழசாக்கப்பட்டார்கள். இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் செய்கிறார்கள். நாங்கள் இரண்டு வருடத்தில் தூக்கிப் போடுகிற போனில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கையும் பட்டிருக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? போன் பழுதானால் உடனே புதுசு கேட்காமல் முதலில் திருத்தம் கேளுங்கள். வாங்கிய நாளிலிருந்து 2 வருடம் விற்றவருக்குச் சட்டப் பொறுப்பு இருக்கிறது. முதல் வருடத்தில் வந்த கோளாறு ஆரம்பத்திலேயே இருந்ததா இல்லையா என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர்தான், நீங்கள் இல்லை. திருத்தத்தைத் தெரிவு செய்தால் அந்தப் பொறுப்பு இன்னும் 12 மாதம் நீள வேண்டும் என்று 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. 2026 ஜூலை 31-க்குள் உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. தூரிங்கன் மாநிலம் 2021-இல் திருத்தச் செலவில் பாதியை, 100 யூரோ வரை, திருப்பிக் கொடுக்கிற திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் மாநிலத்தில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இனி யாருக்கும் உதவாது என்ற போனை ஊருக்கு அனுப்பாதீர்கள். லாச்சியிலும் வைக்காதீர்கள். ஜேர்மனியின் வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய போன்கள் சுமார் 20 கோடி என்று பிற்கொம் அமைப்பின் கணிப்பு சொல்கிறது. நாட்டின் மக்கள் தொகை எட்டரைக் கோடியை எட்டவில்லை. பெரிய மின்சாதனக் கடைகளும், 2022 ஜூலை முதல் மின்சாதனம் விற்கிற பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளும் இப்படியான சிறு சாதனங்களை, நீங்கள் ஒன்றும் வாங்காவிட்டாலும், இலவசமாக எடுக்க வேண்டும். கொடுக்க முதல் உள்ளே இருக்கிற படங்களையும் கணக்குகளையும் அழித்துவிடுங்கள்.

அடுத்த முறை அந்தக் கடிதம் வரும்போது உடனே கையெழுத்து வைக்காதீர்கள். ஒரு கிழமை மேசையில் கிடக்கட்டும். அந்தக் கிழமைக்குள் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி மூன்று விஷயம் பாருங்கள். பற்றரி எத்தனை வீதம் நிற்கிறது? இந்த மொடலுக்கு எந்த வருடம்வரை அப்டேட் வரும்? இதற்குப் பிறகு இது யார் கைக்குப் போகப்போகிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் "அம்மம்மாவுக்கு" என்றால், அவவுக்கு அதில் எத்தனை வருடம் மிச்சம் இருக்கும் என்று பிள்ளையையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு எங்களைவிட வேகமாக வரும்.