பத்து கிலோ மோகம்

வேகக் கார் பிரியர்களின் புதிய ஆசை லித்தியம் பேட்டரி. எடை குறைவது நிஜம். ஆனால் நம் ஊர் வெயிலும், வாரம் ஒருமுறை மட்டுமே கார் எடுக்கும் பழக்கமும் கணக்கை மாற்றிவிடுகின்றன.

வேகக் காரின் எடையைக் குறைக்க நினைப்பவர்கள் கஞ்சர்களைப் போல. கிராம் கிராமாக எண்ணுவார்கள். ஸ்டெப்னியை வீட்டில் இறக்கி வைப்பார்கள். பின் சீட்டைக் கழற்றுவார்கள். டூல் பாக்ஸ் போகும், தரை விரிப்பு போகும். கழற்ற இனி எதுவும் இல்லை என்ற நிலையில் அவர்கள் கண்ணில் படுவது பேட்டரி. பதினைந்து, பதினாறு கிலோ ஈயமும் அமிலமும். காலையில் எஞ்சினைக் கிளப்ப இரண்டு விநாடி வேலை செய்கிறது. அப்புறம் நாள் முழுவதும் கூடவே சவாரி வருகிறது.

இந்த எரிச்சலுக்கு மருந்து கண்டது ஜெர்மனியின் போர்ஷே. 911 ஜிடி3, ஜிடி3 ஆர்எஸ், பாக்ஸ்டர் ஸ்பைடர் ஆகிய மாடல்களுக்கு, விரும்பினால் லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரி வாங்கிக்கொள்ளலாம் என்று 2009 நவம்பரில் அறிவித்தது. எடை 6 கிலோவுக்கும் குறைவு. வழக்கமான 60 ஆம்பியர்-ஹவர் ஈய பேட்டரியைவிட 10 கிலோ மிச்சம். ஜெர்மனியில் விலை வரியோடு 1,904 யூரோ. அன்றைய மதிப்பில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். ஒரு கிலோவைக் குறைக்க பத்தாயிரத்துக்கும் அதிகம்.

அந்த அறிவிப்பில் இன்னொரு விஷயமும் இருந்தது. லித்தியம் பேட்டரி வாங்குபவருக்கு வழக்கமான ஈய பேட்டரி ஒன்றையும் சேர்த்தே போர்ஷே கொடுத்தது. கடும் குளிரில் லித்தியத்தின் சக்தி குறையும், அப்போது மாற்றிக்கொள்ளுங்கள் என்பது காரணம்.

ஈய பேட்டரியைக் கிழம் என்று கேலி செய்வது சுலபம். வயது அப்படி. பிரான்சில் காஸ்தோன் பிளான்தே அதை உருவாக்கியது 1859-ல். கையால் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கம்பிக்குப் பதிலாக சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ன் கேடிலாக் கார்களில் வந்தபோது, காருக்குள் பேட்டரிக்கு நிரந்தர இடம் கிடைத்தது. நூறு வருடத்துக்கு மேல் அந்த இடத்தை யாரும் பறிக்கவில்லை. காரணம், மலிவு. கொஞ்சம் அதிகமாக சார்ஜ் செய்தாலும், வெயிலில் வாட்டினாலும், தெருமுனை மெக்கானிக் கையில் கொடுத்தாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

புதிதாக வந்திருப்பதன் முழுப் பெயர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். இதன் பின்னணியில் இந்தியப் பெயர்கள் நிறைய உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் தலைமையில் இந்தப் பொருளை பேட்டரிக்கு ஏற்றது என்று காட்டிய 1997-ம் வருட ஆய்வுக் கட்டுரையில் அக்ஷய பாதி, கே.எஸ். நஞ்சுண்டசுவாமி ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. அதற்குச் சுமார் பத்து வருடம் முன்பே, இந்த வகைப் பொருள்களுக்கு குட்எனஃபுடன் சேர்ந்து பாதை போட்டவர் மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019-ல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக உரை நிகழ்த்தியவரும் இவரே.

லித்தியம் என்றதும் பலருக்குத் தீ ஞாபகம் வரும். 2013 ஜனவரியில் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 ஒன்றில் தீப்பிடித்தது, துணை எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி. சில நாட்களில் உலகம் முழுவதும் 787 விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. ஏர் இந்தியாவிடம் அப்போது இருந்த ஆறும் அதில் அடக்கம். ஆனால் அது வேறு வகை: லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. சூடு எல்லை மீறினால் அதிலிருந்து ஆக்சிஜன் வெளியேறி தீயை வளர்க்கும். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் அத்தனை எளிதில் பிரியாது. அதனால்தான் கார் ஸ்டார்ட்டருக்கு பாஸ்பேட் வகை. தீயே பிடிக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆபத்து குறைவு, அவ்வளவுதான். என்ன வகை என்று பெட்டியில் எழுதாத மலிவு பேட்டரிகளுக்கு இந்த ஆறுதலும் கிடையாது.

சரி, பத்து கிலோ குறைவதால் என்ன லாபம்? 2010-ன் ஜிடி3 ஆர்எஸ் 1,370 கிலோ எடையும் 450 குதிரை சக்தியும் கொண்டது. பத்து கிலோ என்பது அதன் எடையில் ஒரு சதவீதம்கூட இல்லை. எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதத்தில் பார்த்தால் சுமார் மூன்று குதிரை சக்தி கூடியதற்குச் சமம். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்பதால், டாங்கில் 13 லிட்டர் குறைவாக ஊற்றினாலும் இதே பலன். அதற்குச் செலவில்லை.

எடை எங்கிருந்து குறைகிறது என்பதும் முக்கியம். முன்பக்கம் எஞ்சின் உள்ள கார்களில் பேட்டரியும் பெரும்பாலும் முன்பக்கமே இருக்கும். அங்கே பத்து கிலோ போனால் மூக்குக் கனம் குறைந்து வளைவில் கார் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் திரும்பும். 911-ல் எஞ்சின் பின்னால், பேட்டரி முன்னால். அங்கே எடை குறையும்போது பின்பாரம் இன்னும் ஒரு துளி கூடுகிறது. ஒரு சுற்றில் பத்தில் ஒரு விநாடிக்கு அடித்துக்கொள்பவருக்கு இது பொருட்டு. ஆபீஸ் போகிறவருக்கு ஸ்டியரிங்கில் எதுவுமே தெரியாது.

இனி கஷ்டமான பகுதி. போர்ஷேயின் அந்த பேட்டரியின் உண்மைக் கொள்ளளவு 18 ஆம்பியர்-ஹவர்தான். இது ஏமாற்று அல்ல. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தேவை சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர். அதை லித்தியம் அநாயாசமாகக் கொடுக்கும். ஈய பேட்டரியின் 60-ல் பெரும்பகுதியை ஒருபோதும் தொடுவதில்லை. அடிவரை உறிஞ்சினால் அது கெட்டுப்போகும். ஆகவே எஞ்சினைக் கிளப்புவதில் 18-ம் 60-ம் ஒன்றே. கடைகளில் லித்தியம் பேட்டரிமேல் 'ஈயத்துக்கு இணையான' என்று மூன்று மடங்கு எண்ணை அச்சடிப்பதற்கு இதுதான் நியாயம்.

ஆனால் நிறுத்தி வைத்த காரில் இந்த நியாயம் செல்லாது. இக்காலக் கார்கள் தூங்கும்போதும் தின்கின்றன. திருட்டு அலாரம், ரிமோட் சாவியின் ரிசீவர், கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி சுமார் 83 நாளில் காலியாகும். 18 என்றால் 25 நாள். வேகக் கார்களோ மாதக்கணக்கில் போர்வைக்குள் கிடப்பவை. லித்தியம் செல்லை ஒரேயடியாகக் காலி செய்தால் நிரந்தர சேதம். நல்ல பேட்டரிகளில் உள்ள காவல் சர்க்யூட் அதற்கு முன்பே தொடர்பைத் துண்டித்துவிடும். பேட்டரி பிழைக்கும். கார் கிளம்பாது.

மெக்கானிக் மீட்டர் வைத்தாலும் குழப்பம்தான். ஓய்வில் இருக்கும் ஈய பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைகுடம். லித்தியம் நிறைந்திருந்தால் 13.3 காட்டும், 12.8 என்றால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று பொருள். பழைய பழக்கத்தில் "பேட்டரி ஓ.கே. சார்" என்று அனுப்பிவிட்டால், மறுநாள் காலை தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.

அடுத்தது சார்ஜ். நான்கு லித்தியம் செல்களுக்கு 14.4 முதல் 14.6 வோல்ட் போதும். வழக்கமான ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய அதையே தருகிறது. ஆனால் பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் சேமிக்கும் புதிய கார்களில் வோல்டேஜ் சில நேரம் 15-ஐ எட்டும். ஈய பேட்டரியின் வயதைக்கூட கம்ப்யூட்டரே கணக்கு வைத்திருக்கும். அங்கே வேறு வகையை வைத்தால் கம்ப்யூட்டருக்கும் சொல்லித்தர வேண்டும். பழைய பேட்டரிக்கு உயிர் கொடுக்க அதிக வோல்டேஜ் பாய்ச்சும் சார்ஜர்களை லித்தியத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

வெப்பம் எல்லாவற்றுக்கும் மேல். பெரும்பாலான லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரிகளின் எல்லை 60 டிகிரி. மே மாதம் நாக்பூரிலோ டெல்லியிலோ ஒரு நெரிசலில் மாட்டிய காரின் பானெட்டுக்கு அடியில் அந்த எல்லை வெகுதூரம் இல்லை. பேட்டரி டிக்கியில் இருக்கும் கார்களுக்கு இந்தக் கவலை குறைவு. எஞ்சினை ஒட்டி இருக்கும் கார்களுக்கு அதுவே முதல் கவலை. எதிர்முனையில் லே. பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்தால் உலோக லித்தியம் உள்ளேயே படிந்து செல்லைக் கெடுக்கும். அந்தக் குளிரில் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு, பேட்டரி தன்னைத்தானே சூடேற்றிக்கொண்ட பிறகு ஸ்டார்ட் செய்வது அனுபவஸ்தர்களின் வழக்கம்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஈயத்தின் மலிவுக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். யூனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர் ரத்தத்தில் ஆபத்தான அளவு ஈயம் இருப்பதாகவும், பழைய பேட்டரிகளைக் கண்டபடி உடைத்து உருக்குவது அதற்குப் பெரிய காரணம் என்றும் சொன்னது. லித்தியத்தில் ஈயமில்லை. ஆனால் பழைய ஈய பேட்டரியை நீட்டினால் கடைக்காரர் விலையில் கழிக்கிறார். செத்த லித்தியம் பேட்டரிக்கு அந்த மரியாதை இல்லை. 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள் எல்லா வகை பேட்டரிகளுக்கும் பொருந்தும் என்றாலும், தெருமுனைக் கடை ஈயத்தை மட்டுமே அறியும்.

எனில் யாருக்கு இது? இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டிலோ அடிக்கடி ஓட்டுபவருக்கு. டயரும் பிரேக் பேடும் இலேசான வீலும் ஏற்கெனவே மாற்றியவருக்கு. அவற்றை மாற்றாதவர், அந்தப் பணத்தை முதலில் அங்கே போட்டால் ஒவ்வொரு வளைவிலும் பலன் தெரியும்.

வாங்குவதென்று முடிவெடுத்தவர் நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது. லேபிளில் உண்மையான ஆம்பியர்-ஹவர் எழுதியிருக்கிறதா, காவல் சர்க்யூட் உள்ளதா, காரின் அதிகபட்ச சார்ஜிங் வோல்டேஜ் எவ்வளவு, வாரண்டி பாதிக்கப்படாது என்று டீலர் எழுத்தில் தருவாரா. கார் நிற்கும் இடத்தில் லித்தியத்துக்கு ஏற்ற சிறிய சார்ஜரும் தேவை. கடைக்காரர் விலையில் எவ்வளவு கழித்தாலும் பழைய பேட்டரியைக் கொடுத்துவிட வேண்டாம். அதையும் சார்ஜில் போட்டு கராஜ் மூலையில் வைத்திருப்பது நல்லது. போர்ஷேயே அப்படித்தானே விற்றது.